வெந்நீர்ப் பைக்கும் ஓர் இடம் வேண்டும்

மாதவிடாய் வயிற்றுவலிக்கு ஒத்தடம் கொடு என்று அம்மாக்களும் ஆச்சிகளும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. 2001-இல் 'அப்ஸ்டெட்ரிக்ஸ் அண்ட் கைனகாலஜி' என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, அந்தச் சூட்டை மாத்திரையோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தது. 81 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். சிலருக்கு அடிவயிற்றில் 38.9 டிகிரி செல்சியஸ் சூட்டை விடாமல் தரும் ஒட்டுப்பட்டை, சிலருக்குச் சூடில்லாத பட்டை. அதேபோல் சிலருக்கு 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபன், நாளுக்கு மூன்று வேளை, சிலருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. பட்டையை நாளுக்கு 12 மணி நேரம் வீதம் இரண்டு நாள் கட்டியிருந்தார்கள். வெறும் சூடு மட்டும் பெற்றவர்களின் வலி, மாத்திரை மட்டும் எடுத்தவர்களின் வலியைப் போலவே தணிந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது தெரிய ஏறக்குறைய 2.8 மணி நேரம் ஆனது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு ஒன்றரை மணி நேரமே போதுமாக இருந்தது. ஆய்வு சிறியது, பட்டையைத் தயாரித்த நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னால் வந்த பல ஆய்வுகளை 2018-இல் தொகுத்துப் பார்த்தவர்களும் ஏறத்தாழ இதே பக்கம்தான் சாய்ந்தார்கள். சூடு பலிக்கிறது.

பலிப்பதற்கு உடலில் காரணமும் இருக்கிறது. கருவுறாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் குறையும்போது கருப்பையின் உட்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது, ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. ரத்தம் போதாத தசை வலிக்கிறது. அந்தப் பொருள் உருவாவதையே தடுப்பது மாத்திரையின் வேலை. சூடு தசையைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. வலி பெரும்பாலும் உதிரப்போக்கு தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்னாலோ, தொடங்கும்போதோ வந்து இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆகவே சூடு தேவைப்படுவது மாதத்தில் இரண்டு மூன்று நாள்; ஆனால் அந்த நாட்களில் விட்டுவிடாமல் தேவைப்படுகிறது. நம் வீடுகளில் ஒத்தடம் தோற்கும் இடம் இதுதான். அடுப்பில் வெந்நீர் வைத்து, பத்து நிமிடம் வயிற்றில் வைத்துவிட்டு எழுந்து போனால் பத்து நிமிடத்துக்குத்தான் பலன். பலன் கண்ட ஆய்வில் பெண்கள் மிதமான சூட்டை நாள் முழுக்க உடலோடு சுமந்திருந்தார்கள். கொதிக்கக் கொதிக்க வைத்தால் சீக்கிரம் கேட்கும் என்று நினைப்பது தவறு, ஆபத்தும்கூட. தோல் வெந்துபோகும், மாதாமாதம் அதே இடத்தில் அதிகச் சூடு பட்டால் வலை பின்னினாற்போல் பழுப்புத் தழும்பு விழும். மணிக்கட்டின் உட்பக்கம் பொறுக்கிற சூடு, நடுவில் ஒரு துணி, தூங்கும்போது வேண்டாம். இவ்வளவு கவனம் போதும்.

உடற்பயிற்சிக்கும் ஓரளவு சான்று உண்டு. 2019-இல் காக்ரேன் அமைப்பு 12 ஆய்வுகளைத் தொகுத்தபோது, வாரம் மூன்று நாளாவது, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை உடலை அசைத்த பெண்களுக்கு, 100 புள்ளி வலி அளவுகோலில் சுமார் 25 புள்ளி குறைந்திருந்தது. மூச்சிரைக்கும் பயிற்சிதான் வேண்டும் என்றில்லை, யோகாசனமும் நீட்டி மடக்கும் பயிற்சியும் அந்தக் கணக்கில் அடக்கம். சான்றின் தரம் குறைவு என்று தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். பயிற்சி செய்கிறவருக்குத் தான் செய்வது தெரியாமல் சோதிக்க வழி இல்லாததால் இதில் பெரிய தெளிவை எதிர்பார்க்கவும் முடியாது. சுக்குக்குச் சின்னச் சின்ன ஆய்வுகளின் துணை இருக்கிறது. உதிரப்போக்கின் முதல் மூன்று நான்கு நாள், நாளுக்கு 750 முதல் 2,000 மில்லிகிராம் வரை இஞ்சிப் பொடி எடுத்தவர்களுக்கு வலி குறைந்ததாக 2015-இல் வந்த ஒரு தொகுப்பு சொல்கிறது. வெந்தயம், ஓமம், மோரில் கரைத்த பெருங்காயம் இவற்றுக்கெல்லாம் இன்னும் உறுதியான சான்று இல்லை. குடித்து இதம் கண்டவர்களை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அவற்றை நம்பி ஒரு கொள்கையைக் கட்டச் சொல்லவும் மாட்டேன்.

சூடும் அசைவும் ஓய்வும் மருந்துக்கடைச் சீட்டில் வராததால் அவற்றுக்கு விலையே இல்லை என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம். பெண்களுக்கான அறிவுரைப் பக்கங்கள் எல்லாமே வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எழுதுவது அந்த எண்ணத்தில்தான். இவற்றுக்கு விலை உண்டு. இடம், நேரம், தனிமை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கழிப்பறை. மும்பைத் தமிழர் வாழும் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுங்காவில் அடுக்குமாடி வீட்டுப் பெண்ணுக்கு மின்சார ஒத்தடப் பட்டையும், கதவு சாத்தக்கூடிய அறையும், நடந்துவர ஐந்து தோட்டங்களும் இருக்கின்றன. செம்பூரில் நடக்க டயமண்ட் கார்டன் பூங்கா இருக்கிறது. மாட்டுங்காவுக்கு அடுத்தாற்போல், இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே கிடக்கும் தாராவியில், இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் ஆறு லட்சம் பேர் என்று சிலரும் பத்து லட்சம் என்று சிலரும் கணக்குச் சொல்கிறார்கள். 2020-இல் கொரோனா பரவியபோது மாநகராட்சி அதிகாரிகள் வெளியே சொன்ன ஒரு தகவல் இங்கே பொருந்தும். தாராவி மக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் சுமார் 450 பொதுக் கழிப்பறைகளையே நம்பியிருக்கிறார்கள்.

அந்தக் கழிப்பறை வரிசையில் நின்று பார்த்தால் அறிவுரைகளின் நிலை புரியும். நிறையத் தண்ணீர் குடித்தால் அடிக்கடி வெளியே போக வேண்டும்; ராத்திரியில் சந்து வழியே நடக்கப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் இந்த நகரத்தில் ஏராளம். நிறைந்த சிறுநீர்ப்பையும் அடக்கிவைத்த மலமும் ஏற்கெனவே வலிக்கிற அடிவயிற்றின் மேல்தான் அழுத்துகின்றன. ஆணுக்கு இலவசமாக இருக்கும் சிறுநீர்க் கழிப்பிடம் பெண்ணுக்கு ஏன் காசு கேட்கிறது என்று 2011 முதல் மும்பையில் 'ரைட் டு பீ' இயக்கத்தார் கேட்டுவருவது மாதவிடாய் வலியைப் பற்றிய கேள்வியும்தான். ஒத்தடத்தின் கதையும் இதுவே. பத்துக்குப் பத்து அறையில் மாமனார், கொழுந்தன், பிள்ளைகள் எல்லோரும் இருக்க, பகலில் வயிற்றில் பையை வைத்துப் படுப்பது எப்படி? குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம், அதுவும் விடிகாலையில்; அப்போது பெண்ணின் கை குடத்தில் இருக்கும். தாராவியின் தமிழ் வீடுகளில் விடியும் முன்பே இட்லி வெந்தாக வேண்டும், அதை விற்கும் சைக்கிள்காரர் கிளம்பியாக வேண்டும். அப்பளம் இடுவது, தோல் பை தைப்பது, துணியில் நூல் வெட்டுவது எல்லாம் எண்ணிக்கைக் கூலி. ஒரு மணி நேரம் படுத்தால் அந்த மணி நேரத்தின் காசு போயிற்று. நாள் முழுக்க உழைக்கிறவளுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. குத்துக்காலிட்டு எட்டு மணி நேரம் ஒரே வாக்கில் குனிந்திருப்பது உழைப்பு. அதற்கு உடற்பயிற்சியின் பலன் வராது. இடுப்பையும் தொடையையும் நீட்டி, மூச்சு விரிய நடப்பது வேறு. தாராவியை ஒட்டியே, பழைய குப்பைமேட்டின் மேல் எழுந்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. அதில் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிற ஓய்வு அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இடமும் நேரமும் இல்லாத இடத்தில் மாத்திரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே வலுவான சாட்சி இருக்கிறது. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் செய்தியாளர்கள் தமிழ்நாட்டின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். வயிற்றுவலி என்று சொன்னால் மேற்பார்வையாளர் கையில் ஒரு மாத்திரை தருவார்; பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை, மருத்துவரும் இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் அதனால் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். தையல் இயந்திரம் நிற்கக் கூடாது என்பதற்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரை அது. மகாராஷ்டிரத்தில் இதைவிடக் கொடுமை நடந்தது. பீட் மாவட்டத்தில் மூன்று ஆண்டுகளில் 4,605 பெண்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டதாக 2019 ஜூனில் சுகாதார அமைச்சர் சட்டமேலவையில் ஒப்புக்கொண்டார். அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்கு அபராதம் கட்ட வேண்டும். அத்தனை அறுவைக்கும் மாதவிடாய் வலியே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தேவையில்லாமல் கத்தி வைத்த மருத்துவமனைகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வலிக்கிற நாளில் உட்காரக்கூட இடம் தராத வேலை ஒரு பெண்ணை எதுவரைக்கும் தள்ளும் என்பதை அந்த எண் சொல்கிறது.

இதைப் படித்துவிட்டு, மாத்திரை மலிவு, கைக்கு எளிது, ஏழைப் பெண்ணிடம் போய் ஒத்தடம், நடை என்று சொல்வது அவளுக்கு உரிய மருந்தைப் பறிப்பதாகாதா என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. மாத்திரைக்கு நான் எதிரியே இல்லை. 2015-இல் 80 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை, இந்த வகை வலிநிவாரணிகள் நன்றாகவே வேலை செய்கின்றன என்று காட்டுகிறது. அதே அறிக்கையின் கணக்கைக் கூர்ந்து பாருங்கள். போலி மாத்திரை எடுத்த 100 பேரில் 18 பேருக்கு வலி போதுமான அளவு தணிந்தது என்றால், உண்மையான மாத்திரை எடுத்தவர்களில் 45 முதல் 53 பேருக்குத் தணிந்தது. மீதி ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும் போதவில்லை. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களில் பலர் அதைத் தொடவே கூடாது. வெறும் வயிற்றில் போட்டால் நல்ல வயிற்றையும் அது அரிக்கும். காலையில் டீயோடு வேலைக்கு உட்காரும் பெண் எப்போது சாப்பிட்டபின் மாத்திரை போடுவாள்? நம் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமலே கைமாறும் மெஃபனாமிக் அமிலம் குறித்து 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. காய்ச்சலும் தோல் தடிப்பும் வந்து உள்ளுறுப்புகளையும் தாக்கக்கூடிய ஓர் ஒவ்வாமையைக் கவனிக்கச் சொன்னது. அது அரிதாக வருவது, பீதியடைய வேண்டியதில்லை. ஆனால் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்தை மிட்டாய்போல் வாங்கிப் போடும் பழக்கத்தை நிறுத்த இந்த ஒரு காரணமே போதும். சூட்டையும் மாத்திரையையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கே சீக்கிரம் தணிந்தது என்பதால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஏழைப் பெண்ணைக் கட்டாயப்படுத்தும் தேவையே இல்லை.

இன்னொரு எதிர்வாதம் எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது. ஒத்தடம், சுக்குக் காபி என்று வீட்டிலேயே சமாளிக்கச் சொன்னால், வலி சகஜம்தான் என்று ஆகிவிடாதா, உள்ளே இருக்கும் நோய் மறைந்துவிடாதா? மறையும். கருப்பையின் உட்சுவர்த் திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு, உலகளவில் 19 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; அதைக் கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஒரு பிள்ளை பெற்றால் போய்விடும் என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆண்டுகளைக் கழிக்கிறோம். ஆகவே ஒத்தடம் சொல்லிக்கொடுக்கிறவர் அதே மூச்சில் இதையும் சொல்லியாக வேண்டும். வயது ஏற ஏற வலி கூடினால், உதிரப்போக்கு நின்ற பின்னும் வலித்தால், மலம் கழிக்கையிலோ உடலுறவின்போதோ வலித்தால், துணியோ நாப்கினோ மணிக்கொரு தரம் நனைந்தால், காய்ச்சல் வந்தால், சூடும் மாத்திரையும் இரண்டு மூன்று மாதம் முயன்றும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் கிடந்தால், வீட்டு வைத்தியத்தின் எல்லை அங்கே முடிகிறது. தாராவிப் பெண்ணுக்கு சயான் லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை நடக்கும் தூரத்தில் இருக்கிறது. சூடு சரியாகக் கிடைத்தும் அடங்காத வலி மருத்துவருக்கு ஒரு தடயமும் ஆகும். ஒத்தடமே சரியாகக் கிடைக்காத பெண்ணிடம் அந்தத் தடயமும் இருக்காது.

ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் பதறுகிறவர்களின் பயத்தையும் மதிக்கிறேன். வீட்டுக்குத் தூரம் என்று பெண்ணை மூலையில் உட்காரவைத்த நாட்கள் போய் வெகுகாலம் ஆகிவிடவில்லை. இதே மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டப் பழங்குடி ஊர்களில் பெண்கள் இன்றும் 'குர்மா கர்' என்ற ஒதுக்குக் குடிசைக்கு அனுப்பப்படுகிறார்கள். அதை ஓய்வு என்று போற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தொடாதே, வராதே என்ற கட்டளையின் பேரில் குளிரும் கொசுவும் நிறைந்த குடிசையில் கிடப்பது ஓய்வே இல்லை. வேண்டியபோது உள்ளே போய், வலி தணிந்ததும் தானாக எழுந்து வரக்கூடிய இடம்தான் ஓய்விடம். மாதவிடாய் விடுமுறைச் சட்டத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். பீகார் அரசு 1992 முதலே தன் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் தருகிறது. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு என்று முடிவெடுத்தது. அப்படிக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்களோ என்று அதற்கு முன்பே, 2024 ஜூலையில், உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டது. கர்நாடகத்தின் முடிவை நான் வரவேற்கிறேன். ஆனால் வருகைப் பதிவேடே இல்லாத அப்பளக்காரிக்கும் இட்லிக்காரிக்கும் எந்த விடுமுறையும் போய்ச் சேராது. அவர்களுக்கு வேலைக்கு நடுவிலேயே தணிவு வேண்டும். நாள் முழுக்க உடலோடு கட்டிக்கொள்ளும் மிதச்சூடு அப்படிப்பட்ட உழைக்கும் உடலுக்கு மிகவும் ஏற்ற வைத்தியம். அதனால்தான் இந்த வாதத்தைச் சூட்டிலிருந்து தொடங்கினேன்.

செய்ய வேண்டியவை பெரிய பணம் பிடிப்பவை அல்ல. 2022 முதல் மாநகராட்சி திறந்துவரும் 'ஆப்லா தவாகானா' சிறு மருத்துவமனைகளில் ரத்த அழுத்த மாத்திரை தருவதுபோல, திரும்பத் திரும்பச் சூடாக்கிக் கட்டிக்கொள்ளும் ஒத்தடப் பட்டையையும், அதை எவ்வளவு நேரம் எவ்வளவு சூட்டில் வைப்பது என்ற விளக்கத்தையும் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் தரலாம். மாநகராட்சிப் பள்ளிகளில் ஏழாம் எட்டாம் வகுப்பிலிருந்தே உடற்பயிற்சி நேரத்தைப் பெண் பிள்ளைகளிடமிருந்து கணக்குப் பாடம் பிடுங்கிக்கொள்ளாமல் காக்கலாம். பள்ளியில் ஒரு கட்டிலும் சுடுதண்ணீர்க் கெட்டிலும் வைக்கலாம். பொதுக் கழிப்பறைக் கட்டடங்களை எழுப்பும்போது பெண்கள் பக்கத்தில் ஒரு சிறு அறையும் சுடுதண்ணீர்க் குழாயும் சேர்க்கலாம், அதை இரவிலும் திறந்து வைக்கலாம். இருபது பெண்கள் தைக்கும் பட்டறையில் ஒரு மூலையும் பத்து நிமிடமும் கூலியில் பிடிக்காமல் கொடுக்கும்படி ஆர்டர் தரும் நிறுவனங்கள் கேட்கலாம். அவர்கள் கேட்டால் பட்டறைக்காரர் கொடுப்பார். நிர்வாகத்தால் முடியாது என்பவர்களுக்கு மாட்டுங்கா ரயில் நிலையத்தை நினைவூட்டுகிறேன். 2017-இல் அதன் ஊழியர் பொறுப்பு முழுவதையும் பெண்களிடம் ஒப்படைத்தது மத்திய ரயில்வே. லிம்கா சாதனைப் புத்தகத்திலும் அது இடம்பெற்றது. மனம் வைத்தால் இந்த நகரத்தில் காரியம் நடக்கும்.

தாராவி மறுசீரமைப்புதான் வரப்போகிறதே, தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடியில் கழிப்பறையோடு வீடு கிடைக்குமே, அதுவரை பொறுக்கக் கூடாதா என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். வீடு வரட்டும். ஆனால் தகுதி இல்லை என்று ஒதுக்கப்படும் குடும்பத்துப் பெண்களுக்கு எங்கே எப்போது என்பது முதலில் தெளிவாக வேண்டும். தகுதி பெற்றவர்களுக்கே மறுவாழ்வுப் பணி முடிய ஏழு ஆண்டு கெடு. கெடு தொடங்கிய ஆண்டில் பதின்மூன்று வயதில் பூப்பெய்திய ஒரு பெண் அது முடியும்போது இருபது வயதில் இருப்பாள். அதற்குள் எண்பது தொண்ணூறு மாதவிடாய்களை அந்தப் பத்துக்குப் பத்து அறையிலேயே கழித்திருப்பாள். ஒத்தடப் பட்டையும் இரவில் திறந்திருக்கும் கழிப்பறையும் அவளுக்கு இந்த நிதியாண்டிலேயே வேண்டும். மாநகராட்சியின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு தலைப்பு இருக்கிறதா என்று தாராவியையும் சயானையும் செம்பூரையும் சேர்ந்தவர்கள் தங்கள் வார்டு அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும், ஆண்களும் சேர்ந்து.